மில் என்பவரும் சொற்பொருளாராய்ச்சியும்

தொழிற்பெயராவது யாதென்று ஒரு மாணாக்கனை வினவினால், நன்னூற் சூத்திரத்தை ஓரெழுத்தும் பிழையாது ஒப்புவிப்பான். ஒரு வாக்கியத்தை எழுதிக்காட்டி, இதன்கண் தொழிற்பெயர் யாதென்று கேட்டால், மயங்கி நிற்பான். முப்பதாண்டுக்கு மேலாக ஆசிரியத் தொழில் செய்துவரும் நாம் இதனை நாடோறுங் காண்கின்றோம். குற்றம் மாணாக்கனுடையதோ நம்முடையதோ என்று ஐயுறவுங் கொள்கின்றோம். அவ்வையம் மிக்கிருந்த காலத்திலே நம் கையில் அகப்பட்டது, ஜோன் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர் தாமே எழுதிவைத்த தம் சரிதம். கிறித்தவப் பாதிரிமார் நடாத்திய கல்லூரியொன்றிலே நாம் கற்றகாலத்து அவர் பெயரைக் கேட்டதுண்டு. அவர் நூல்களின் பெயர்களையும் அவை வெளிவந்த ஆண்டுகளையும் பரீட்சையின் பொருட்டு மனனஞ் செய்தோம். அவர் யாது சொன்னாரென்று நம்மை ஒருவருங் கேட்டிலர், நாமும் ஒருவரையுங் கேட்டிலோம்.

மில் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி இலண்டன் மாநகரைச் சார்ந்த பென்ரன்வில் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் மில் ஸ்கொத்லாந்து தேசத்தவர். சப்பாத்துத் தைப்பவரொருவரின் புதல்வர். அவர் கல்வியால் உயர்ந்து, கிறித்த சமயப் போதகராதற்கு உரிமைபெற்று, பின்னர் அச்சமயத்திற் பற்றொழிந்து, இலண்டன் வந்து எழுதுகோலொன்றையே துணையாகக்கொண்டு மனைவி மக்களைக் காத்தவர். மக்கள் ஒன்பதின்மருள் ஜோன் மூத்தவர். அவர் பிறந்த ஆண்டிலேயே தந்தையார் இந்திய தேச சரித்திரமொன்றை எழுதத் தொடங்கினார். அந்நூலைப்பற்றிப் பின்னர்ச் சொல்வேம்.

ஜேம்ஸ் மில் தம் மைந்தனைப் பள்ளிக்கு அனுப்பினாரல்லர். மூன்றாம் வயதிலே கிரேக்க பாஷையைத் தாமே கற்பிக்கத் தொடங்கினார். சிறு அட்டைகளிலே கிரேக்கச் சொற்களையும் அவற்றிற்குரிய ஆங்கிலச் சொற்களையும் எழுதிக் கொடுத்தார். அக்காலத்துக் கிரேக்க அகராதிகள் இலத்தீன் பாஷையிற் பொருள் கூறுவனவேயன்றி ஆங்கிலத்திற் கூறுவனவல்ல. குழந்தையோ இலத்தீனை எட்டாம் வயதிலேயே கற்கத் தொடங்கியது. ஆகவே, அறியாத சொல் வருந்தோறும் தந்தையையே கேட்டல் வேண்டும். தந்தையும் மைந்தனும் ஒரே அறையில் ஒரே மேசையினருகே இருந்தனர். பொறுமையென்பதைச் சிறிதுமறியாத அத்தந்தையார், ஒவ்வொரு சொல்லுக்கும் எழுத்துவேலையை நிறுத்தி விடை கூறி, அந்நிலையிலேயே பல பாகங்கொண்ட தம் சரித்திரத்தை எழுதி முடித்தார். நாற்பது பிள்ளைகளை ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் நம்மனோர் இதனைப் படித்துப் பெருமூச்செறிதலன்றி வேறென் செய்வோம்!

காலையுணவின்முன் இருவரும் பசுமை படர்ந்த ஒழுங்கைகளில் உலாவச் செல்வர். முதனாட் படித்த நூலின் பொருளை மைந்தர் சிறு கடதாசித் துண்டுகளிற் குறித்து வைத்து, நடந்துகொண்டே தந்தையாருக்கு எடுத்துரைப்பார். படித்தது ஒப்புவித்தல் அன்று. படித்ததன் பொருளைத் தம் சொல்லாற் கூறல். சில ஆண்டுகள் சென்றபின், தம்பி தங்கையர்க்குக் கற்பிக்கும் பொறுப்பும் அவர்மேல் வைக்கப்பட்டது. இதனை அவர் மிக வெறுத்தார். ஆயினும், பிறர்க்குக் கற்பிக்கும் பொருட்டுக் கற்றமையால் தாம் கற்றவை நிலைபெற்றன என்று ஒப்புக்கொள்கின்றார்.

பன்னிரண்டாம் வயதிலே தருக்கம் தொடங்கிற்று. அரிஸ்டோட்டிலின் அளவை நூல்களையும், இடைக்காலத்து இலத்தீன் தருக்க நூல்கள் சிலவற்றையும், ஹொப்ஸ் என்பவர் இயற்றிய நூலையும் கற்றார். பாக்ஷொட் என்னும் புதர்வெளியிலே உலாவிய ஒருநாள் அநுமான முறையினாற் பயன் யாதென்று தந்தையார் வினவினார். மைந்தர் எண்ணியெண்ணிப் பார்த்தும் விடை கூற இயலவில்லை. அதன் பின்னரே தந்தையார் விளக்கினார். அவ்விளக்கம் அன்று தமக்குத் தெளிவாகவில்லை என்றும், எனினும் வித்தாய் உள்ளே கிடந்து பின்னாளில் முளைத்தது என்றும் மில் எழுதுகின்றார். சிந்தித்துக் கண்டுகொள்ளத் தக்க எதனையும், மைந்தன் தன்னாலியன்ற மட்டும் முயன்று இளைக்குமுன் சொல்லாதிருத்தலே அத்தந்தையாரின் நியமம்.

இந்நியமத்தின் கூர்மையை இரண்டு நிகழ்ச்சிகள் காட்டும். பதின்மூன்று வயதளவிலே மைந்தர் பேச்சினிடையே கருத்து என்னும் பொருள்படும் ஒரு சொல்லை வழங்கினார். கருத்தாவது யாது என்று தந்தையார் கேட்டார். நாடோறும் வழங்குஞ் சொல். அதன் இலக்கணங் கூறப் புகுந்தபோது ஒன்றும் அமைந்திலது. தந்தையார் சினந்தார். மற்றொருநாள், ஒரு காரியம் கொள்கையளவிற் சரியே, செய்கையிற் சரிப்படாது என்று உலகத்தார் கூறுமாறே மைந்தருங் கூறினார். கொள்கையாவது யாது என்று கேட்டு, அவரை நெடுநேரம் தடுமாறவிட்டு, ஈற்றிலே தந்தையார் அதன் பொருளை விளக்கி, அவ்வுலக வழக்கிலுள்ள வழுவை எடுத்துக் காட்டினார். தம்மைப்போல அறியாமையுடையார் உலகில் ஒருவருமிலர் என்று எண்ணும்படி தந்தையார் செய்துவிட்டார் என்று மில் கூறுகின்றார்.

அவ்வழு யாதென்பதை நாம் சிறிது விரித்துரைப்பாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம்மவரும் சொல்வர். சொல்பவர் அதனோடு ஆராய்ச்சியை முடித்துவிடுவர். ஒரு கொள்கை செய்கையோடு மாறுபடுமாயின், அக்கொள்கை அச்செய்கைக்குரிய காரணங்களுள் ஏதோ ஒன்றைக் கருதாது விட்டது என்பதே பெறப்படும். மழை பெய்தால் நெல் விளையும் என்ற ஒருவனுடைய வயல் மழைபெய்தும் விளையாதொழிந்தால், அவன் எருவையோ வித்தையோ பூச்சியையோ மறந்தான் என்க. அப்போது அது கொள்கையளவிலும் சரியன்று. எது விடப்பட்டதென்று தேடுவான் அறிவு பெறுவான். கொள்கை வேறு செய்கை வேறு என்பானோ தேடுதலை ஒழிந்தான். ஒரு சொல்லின் இலக்கணம் அறியாமை ஓர் ஆராய்ச்சி முழுவதையும் அடைத்துவிடுமாற்றை இங்கே காண்க.

நம் தருக்க நூலார் இலக்கணத்துக்கு அவ்வியாத்தி, அதிவியாத்தி, அசம்பவம் என மூன்று குற்றங் கூறுவர். கபில நிறமுடைமை பசுவின் இலக்கணமென்றால் வெள்ளைப்பசு விடுபடும். கொம்புடைமை என்றால் எருமையும் புகும். ஒற்றைக் குளம்புடைமை என்றால் ஒரு பசுவினுஞ் செல்லாது. இவற்றை நம் பிள்ளைகள் பெயரளவில் மனனஞ் செய்வர். ஜேம்ஸ் மில் தம் மைந்தனிடத்து அப்பெயர்களைக் கேட்டிலர். அக்குற்றங்களைச் செய்வித்து, அவனே காணும்படி செய்தார். சினந்தது மாத்திரம் தகாதென்பது மில்லின் தீர்ப்பு. அரிய வினாவை வினாவியது தகுமென்பதும் அவர் தீர்ப்பே. நாமும் அதற்கு உடன்படுகின்றோம்.

இங்ஙனம் வளர்ந்த பிள்ளை பிற பிள்ளைகளோடு கூடி விளையாடியதில்லை. கைவேலை ஒன்றும் வாராது. தன் கல்வி பிறர் கல்வியினும் மிக்கது என்பதையும் அறியாது. 1820ஆம் ஆண்டு பிரான்சு தேசத்துக்குச் செல்லுமுன், ஹைட் பூங்காவிலே உலாவும்போது தந்தையார் அதனைச் சொன்னார்; கற்பிக்க வல்லவனும் விருப்பமுடையவனுமாகிய தந்தை வாய்த்தமையே அதற்குக் காரணம், மைந்தனுடைய பெருமையன்று என்றும் உடன் சொன்னார்.

1823ஆம் ஆண்டிலே, பதினேழாம் வயதில், மில் கிழக்கிந்தியக் கம்பனியாரின் இலண்டன் அலுவலகத்திலே தந்தையாரின் கீழ் உத்தியோகம் பெற்றார். அதன்பின்னர், ஏறக்குறைய 1825ஆம் ஆண்டு முதலாக, அவரும் நண்பரும் கிழமைக்கு இருநாள் காலை எட்டரை மணி முதற் பத்துமணி வரையும் குரோட் என்பவர் இல்லத்திற் கூடுவாராயினர். இந்தக் குரோட் வங்கித் தொழிலாளர். பின்னாளிற் கிரேக்க தேச சரித்திரம் எழுதிப் புகழ் பெற்றவர். கூடியவர் ஏறக்குறையப் பன்னிருவர். கூட்டம் முடிந்ததும் அவரவர் தத்தம் உத்தியோகத்துக்குச் செல்வர். ஒரு நூலை எடுத்து ஒருவர் ஒரு பகுதியை வாசிப்பர். ஐயமுடையவர் அதனைச் சொல்வர். எத்துணைச் சிறிய ஐயமாயினும், அதனை எழுப்பினவரும் மற்றையோரும் தத்தம் அளவிலே தெளிவடையுமட்டும் மேலே செல்வதில்லை. சில வினாக்கள் பல கிழமைகள் நீண்டன. பொருளாதார நூல், தருக்கம், மனோதத்துவம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஆராயப்பட்டன. அரைகுறை விடையை முடிந்த விடையாகக் கொள்ளாமை, விளங்காத மூலையொன்று சிறிதென்று கருதி விடாமை ஆகிய பழக்கங்களை ஆண்டுப் பெற்றதாகவும், தாமாகச் சிந்திக்கத் தொடங்கியது அக்காலந் தொட்டே என்றும் மில் கூறுகின்றார். தந்தையாரிடத்து வினாவுக்கு விடை தேடக் கற்றார். நண்பரிடத்து வினாவை எழுப்பக் கற்றார் என்பது நம் கருத்து.

இனி அவருக்கு வந்த இடர். பெரும்பாலார்க்குப் பெரும்பாலும் இன்பம் பயப்பதே நன்று என்னும் பெந்தாம் என்பவருடைய கொள்கையைப் பதினைந்தாம் வயது முதல் தம் வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டிருந்தார். 1826ஆம் ஆண்டு இலையுதிர் காலத்து ஒருநாள், பயின்ற பழக்கத்தின்படி, தம்மைத் தாமே ஒரு வினா வினாவினார். தாம் விரும்பிய சீர்திருத்தங்களெல்லாம் இக்கணமே நிறைவேறினால் தமக்கு மகிழ்ச்சி உண்டாகுமோ என்பது வினா. இல்லை என்று உள்ளம் விடையிறுத்தது. அக்கணமே வாழ்வுக்கு ஆதாரமென நின்றது சரிந்தது. உண்டார், உத்தியோகஞ் செய்தார், பேசினார்; யாவும் பொறியின் இயக்கம் போலவே. இப்பிணியைத் தந்தையாருக்கும் சொல்ல இயலவில்லை. அவர் செய்த மருத்துவத்தால் வந்த பிணி இது என்று மைந்தருக்குத் தோன்றியமையே காரணம்.

பகுத்தாராயும் பழக்கம் உணர்ச்சிகளை அரித்துவிடும் என்பது அவர் கண்டது. இது இன்பத்தோடு சேர்ந்தது, அது துன்பத்தோடு சேர்ந்தது என்று சிறுவயதில் நாம் கட்டிய முடிச்சுக்கள் இயல்பானவையோ செயற்கையானவையோ என்று ஆராய்ச்சி அவிழ்த்துப் பார்க்கும். அவிழ்க்கக் கற்றவனுக்கு வேறு பற்றுக்கோடு இல்லையாயின், கையில் நூலே எஞ்சும், மாலை எஞ்சாது. ஆராய்ச்சி மிகின் அன்பு குறையும் என்று நம்மூர்ப் பெரியோர் சிலர் கூறும்போது அவரைப் பழமையோர் என்று இகழ்வார், இருபது வயதிளைஞராகிய இவர் பட்டதைப் படித்தபின் இகழ்க.

இடர் நீங்கியவாறும் வியப்பே. மர்மொந்தெல் என்னும் பிரெஞ்சு ஆசிரியர் தம் சரிதத்திலே, தந்தை இறந்தபோது சிறுவராயிருந்த தாம் குடும்பத்தார்க்கு எல்லாமாய் நிற்பேன் என்று துணிந்ததைச் சொல்லுமிடத்தைப் படித்தபோது மில்லுக்குக் கண்ணீர் வந்தது. தாம் மரமுமல்லர், கல்லுமல்லர் என்று அறிந்தார். 1828ஆம் ஆண்டிலே வேட்ஸ்வேத் என்பவருடைய பாடல்கள் அவருக்கு மருந்தாயின. ஆராய்ச்சியை அவர் கைவிட்டிலர். அதனோடு ஒப்பச் செய்யுளாலும் இசையாலும் இயற்கைக் காட்சியாலும் உணர்ச்சியை வளர்த்தல் வேண்டுமென்று துணிந்தார்.

1836ஆம் ஆண்டு தந்தையார் இறந்தார். 1843ஆம் ஆண்டிலே மில்லின் தருக்க நூல் இரண்டு பாகமாக வெளிவந்தது. காரணத்தைத் துணிதற்குரிய ஐந்து முறைகள் அதனுள்ளே கூறப்படுவன. அவற்றை இங்கு விரியாம். சொல்லைப்பற்றி அவர் சொல்வது நமக்கு அணித்தானது. ஒரு பொதுப்பெயர் பல பொருள்களைச் சுட்டும். அப்பொருள்களுக்குரிய குணங்களைக் குறிக்கும். மனிதன் என்னுஞ் சொல் சாத்தனையும் கொற்றனையும் சுட்டுவது, இன்ன குணங்கள் அவர்பால் உள்ளமையினால். மக்களோ குணத்தை நோக்காது, முன்கண்ட பொருளோடு ஏதோ ஓரொப்புமை கண்டு பெயரைப் புதிய பொருளுக்கு இட்டு, அதனோடு ஒப்புமை கண்டு மற்றொன்றுக்கும் இட்டுச் செல்வர். முடிவிலே அப்பெயர் பெற்றவற்றுக்கெல்லாம் பொதுவாகிய குணம் ஒன்றும் இராது. அத்தகைய சொல்லை வைத்து வாதிடுவார் ஒருவரையொருவர் அறியார்.

இதுகாறும் அவரைப் புகழ்ந்தேம். இனி அவர்பாற் கண்ட குறையொன்றை மறையாது கூறல் கடன். தந்தையாரின் இந்திய சரித்திரம் 1818ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. ஜேம்ஸ் மில் இந்தியாவைக் கண்டவரல்லர். அத்தேசத்துப் பாஷை ஒன்றும் அறிந்தவரல்லர். அது குறையன்று என்று முகவுரையிலே வாதமுஞ் செய்தார். அந்நூலில் இந்துக்களின் சமயம், கலை, ஒழுக்கம் யாவும் நாகரிகத்தின் கீழ்ப்படியிலுள்ளன என்று தீர்ப்பிடப்பட்டன. 1840ஆம் ஆண்டு தொடங்கி அதனை மறுபதிப்புச் செய்த வடமொழிவாணர் வில்சன் என்பவர் அதன் பிழைகளைக் குறிப்புக்களால் மறுக்க நேர்ந்தது. அச்சுப்பிரதி திருத்தும்போது தந்தையாருக்குக் கைப்பிரதியை வாசித்தவர் ஜோன். இந்துக்களைப்பற்றிய பகுதியால் தாம் மிகப் பயன்பெற்றதாகவும் அவர் எழுதுகின்றார். முப்பத்தைந்து ஆண்டு கம்பனியாரின் கடிதங்களை வரைந்து, 1856ஆம் ஆண்டிலே தந்தையார் வகித்த தலைமைப் பதவியையே தாமும் அடைந்து, 1858ஆம் ஆண்டு கம்பனி ஆட்சி ஒழிந்தபோது விலகினார். அத்தேசத்தை ஒருகாலும் கண்டிலர்.

நடுவுநிலை பிறழாது சொல்லின், ஒன்று கூறல் வேண்டும். இந்தியாவிலே அரசாங்கத்தார் ஆங்கிலக் கல்வியையே பேணி, வடமொழி அரபிக் கல்விகளைக் கைவிட மெக்கோலே வழிகாட்டியபோது, அதனை மறுத்து 1836ஆம் ஆண்டிலே ஒரு கடிதம் வரைந்தவர் இம்மில்லே. பொதுமக்களுக்கு அறிவு தாய்மொழி வாயிலாகவே செல்லும், அதற்குச் சுதேச வித்துவான்கள் இன்றியமையாதவர் என்பது அவர் கருத்து. மேலதிகாரி ஹொப்ஹவுஸ் அதனை ஏற்றிலர், கடிதம் செல்லாதொழிந்தது.

ஆயினும், 1859ஆம் ஆண்டு வெளியிட்ட சுதந்திரம் என்னும் நூலிலே, தாம் கூறுஞ் சுதந்திரம் பக்குவமடையாத சமூகத்தார்க்கு உரியதன்று என்றும், அநாகரிகர்க்கு ஓர் அக்பரோ சார்லிமேனோ வாய்த்தாற் போதும் என்றும் எழுதிச் சென்றார். அநாகரிகராவார் யாவர்? அச்சொல்லின் இலக்கணம் யாது? அவ்வியாத்தி உண்டோ, அதிவியாத்தி உண்டோ? கருத்து என்னுஞ் சொல்லை இலக்கணமின்றி வழங்கவிடாத தந்தையாரே இச்சொல்லை இலக்கணமின்றி மைந்தருக்குக் கொடுத்தார். குரோட் இல்லத்திலே முடிச்செல்லாம் அவிழ்த்த மைந்தரும் இதனை அவிழாமற் கொண்டார். அக்கூட்டத்திலே ஐயம் எழுப்புதற்கு ஓர் இந்து இருந்திலன். அந்நூலின் இரண்டாம் அதிகாரத்திலோ, எதிர்க்கொள்கையை அதனை மெய்யாக நம்புவார் வாயிலாகவே கேட்டல் வேண்டும், தம்மாசிரியர் எடுத்துக்கூறக் கேட்டல் போதாது என்று மில்லே வற்புறுத்துகின்றார். சுபக்கத்துக்கு முன் பரபக்கம் வைத்த சிவஞானசித்தியாரைக் கற்பார்க்கு இது புதிதன்று. அவ்விதியை அவரிடத்திற் கற்று அவர்மேலேயே செலுத்துகின்றோம். கற்பித்தார்க்கு இது இழிவன்று.

ஏனையவற்றைச் சுருங்கச் சொல்வாம். 1830ஆம் ஆண்டு முதல் நண்பாராய் இருந்த ஹரியற் ரெயிலர் என்னும் அம்மையாரை, அவர்தம் கணவர் இறந்தபின், 1851ஆம் ஆண்டிலே மணந்தார். அம்மையார் 1858ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து அவிஞோன் நகரில் இறந்தார். மில் அவ்விடுகாட்டின் அருகே ஒரு சிறுமனை வாங்கி ஆண்டுதோறும் அங்கே தங்கினார். 1865ஆம் ஆண்டிலே வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியார் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1867ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் ஆராயப்பட்டபோது, ஆடவனைக் குறிக்குஞ் சொல்லை நீக்கி, இருபாலார்க்கும் பொதுவாகிய சொல்லை வைத்தல் வேண்டுமென்று பிரேரித்தார். மாற்றக் கேட்டது ஒரு சொல். அதனுள்ளே இருந்தது ஒரு தேசத்துப் பெண்டிர் அனைவருடைய உரிமை. சார்பாக 73 பேரும் எதிராக 196 பேரும் வாக்களித்தனர். மறுதேர்தலிலே, 1868ஆம் ஆண்டு, அவர் தோல்வியடைந்தார்.

1873ஆம் ஆண்டு மே மாதத்திலே அவிஞோனில் இறந்து மனைவியாரின் சமாதியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வாண்டிலேயே தன்சரிதம் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே, மனைவியாரின் முதற்கணவர்க்குப் பிறந்த புதல்வியார், மில் எழுதி வெளியிடாது வைத்திருந்த மூன்று கட்டுரைகளை அச்சிட்டார். அவற்றுள் முதலாவது இயற்கை என்னுஞ் சொல்லின் ஆராய்ச்சி. இயற்கை என்பது உலகில் நிகழ்வன யாவும் எனின், மனிதன் செய்வன யாவும் அதனுள் அடங்கும். இயற்கைப்படி ஒழுகுக என்று ஒருவர்க்கு உபதேசித்தல் வீண். மனிதன் முயற்சியின்றி நிகழ்வன எனின், குளிருக்கு ஆடை அணிதலும் ஆற்றுக்குப் பாலமிடுதலும் இயற்கைக்கு மாறாம், அவ்வுபதேசம் தவறு. இரண்டிலொன்றைச் சொல்லுக என்று அவர் கேட்கின்றார். இக்கட்டுரையை மேல்வகுப்பு மாணாக்கர்க்குத் தமிழிற் கூறி, இயற்கை என்னுஞ் சொல்லை அவர்கள் எப்பொருளில் வழங்குகின்றார்கள் என்று சென்ற தவணையிலே கேட்டோம். ஒருவன் நெடுநேரம் வாளாவிருந்து, ஈற்றில் எழுந்து, மனிதனும் இயற்கையிற் சேர்ந்தவனோ என்று நம்மையே திருப்பிக் கேட்டான். மணி அடித்துவிட்டது, மறுநாளும் அதனையே ஆராய்ந்தோம்.